72 மணி நேரத்துல சொல்ல முடியாத வெள்ளம்: தாமிரபரணி கடைசிக் கரையிலேர்ந்து ஒரு திறந்த மடல்

தூத்துக்குடி மாவட்ட கலெக்டர் அவர்களுக்கும், எந்தப் பயிருக்கு எந்த விதி, எந்த ஊரு எந்த யூனிட்டுன்னு முடிவு பண்ற மாநில அளவிலான பயிர்க் காப்பீட்டு ஒருங்கிணைப்புக் குழு அதிகாரிங்களுக்கும் வணக்கம்.

நான் ஏரல் பக்கம் ஆத்தங்கரை ஊர்க்காரன். பிசானம்னு சொல்ற மழைக்காலப் பட்டத்துக்கு நெல்லு, மிச்ச வயல்ல வாழை, இதுதான் எங்க பொழப்பு. நிவாரணம் கேட்டு இதை எழுதல. அடுத்த வெள்ளம் வர்றதுக்குள்ள இன்சூரன்ஸ் விதிகளை எங்க ஊர் நிலவரத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல தனிப்பட்ட வயல் பாதிப்புக்கு ஒரு விதி இருக்கு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னல்ல தானா பிடிக்கற தீ, வெள்ளம் தேங்கறது, இதுல எதாச்சும் நடந்தா 72 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்கோ பேங்குக்கோ வேளாண்மை ஆபீஸுக்கோ சொல்லிறணும். ஆப்லயும் பதியலாம், டோல் ஃப்ரீ நம்பர்லயும் சொல்லலாம். எழுதி வச்சவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாங்க, நாள் தள்ளிப் போனா எது வெள்ளத்துல போச்சு எது வேற காரணத்துல போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதுல்ல.

ஆனா எங்களை வெள்ளம் முழுக்கின 2023 டிசம்பர் 17 ஞாயித்துக்கெழமை ராத்திரியை நினைச்சுப் பாருங்க. கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்துல டவரும் போச்சு, ஏரல் ஆத்துப்பாலம் அறுத்துக்கிட்டுப் போச்சு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர்லேர்ந்து சென்னை போற ரயில் சுமார் 800 பேரோட நின்னுபோச்சு, அந்த ஜனங்களுக்கு புதுக்குடி ஊர்க்காரங்க இருக்கற அரிசியைப் போட்டு சமைச்சுக் கொடுத்தாங்க. அவங்களை முழுசா மீட்டு அனுப்பவே 19ஆம் தேதி ஆயிட்டு. எங்க ஊர்கள்ல ஹெலிகாப்டர்லேர்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டாங்க. மொட்டைமாடியில நனைஞ்சுக்கிட்டு பிள்ளைங்களைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்த மனுஷன் எந்த போன்ல, எந்த ஆப்ல, எந்த வயலை போட்டோ எடுத்துப் போடுவான்? வயல் எங்க இருக்குன்னே தெரியாம கடல் மாதிரி தண்ணி நின்னுச்சு. 72 மணி நேரம் முடியும்போது பல ஊர்ல இன்னும் கரண்டே வரல.

அதனால மொதல் கோரிக்கை இதுதான். அரசாங்கமே வெள்ளம் பாதிச்ச தாலுகான்னு அறிவிச்சுட்டா, அந்தத் தாலுகாவுக்கு 72 மணி நேரக் கணக்கு தண்ணி வந்த நேரத்துலேர்ந்து ஓடக்கூடாது, ரோடும் கரண்டும் போனும் திரும்ப வந்துட்டுன்னு கலெக்டர் ஆபீஸ் அறிவிக்கற நாள்லேர்ந்துதான் ஓடணும். இதுக்குத் தேவை ஒரு உத்தரவும், கம்பெனியோட போடுற ஒப்பந்தத்துல ஒரு வரியும்தான்.

இப்ப மழையைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா வெள்ளம்னாலே எல்லாரும் டேமைத் திறந்துவிட்டதுன்னு மட்டும் பேசறாங்க. 18ஆம் தேதி காலை 8.30 மணி வரைக்குமான 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல சுமார் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62, அந்தாண்ட நெல்லை மாவட்டம் மூலைக்கரைப்பட்டியில ஏறக்குறைய அதே அளவு, கரிசக்காட்டுக் கோவில்பட்டியில 53. நம்ம மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க சராசரியா பெய்யறதே சுமார் 65 சென்டிமீட்டர்தான். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு டேம்லேர்ந்து வந்த தண்ணி ஒரு பக்கம், மலையே இல்லாத சமவெளியில விழுந்த இந்த மழை இன்னொரு பக்கம். குளத்துக்கு மேல குளம் நிறைஞ்சு, உபரித் தண்ணி போற மறுகால் தாங்காம கரை ஒடைஞ்சு, ஒரு குளத்துத் தண்ணி அடுத்த குளத்துக் கரையை ஒடைச்சு, கோரம்பள்ளம் குளம் ஒடைஞ்சு தூத்துக்குடி பக்கம் போச்சு. ஆத்துலேர்ந்து எவ்வளவு தூரம்னு மட்டும் பாத்து ஆபத்தைக் கணக்குப் பண்ணினா அது பாதிக் கணக்குதான். எங்க மாவட்டத்துல ஆபத்து ஆத்துலயும் இருக்கு, குளக்கரையிலயும் இருக்கு, தண்ணியில மெதக்கற அமலைச் செடி அடைச்சுக் கெடக்கற வாய்க்கால்லயும் இருக்கு.

இது புதுசா வந்த ஆபத்தும் இல்ல. நெல்லையில சுலோச்சன முதலியார் கட்டிக்கொடுத்த பாலம் 1843ல திறந்தது, 1869 வெள்ளத்துல அதுல ஒரு பகுதியை ஆறு அடிச்சுக்கிட்டுப் போய் திரும்பக் கட்டினாங்க. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆத்துக்குள்ளயே, வெள்ளம் மேல ஏறிப் போகட்டும்னு தெரிஞ்சே கட்டியிருக்காங்க, தண்ணி ஏறுறப்ப உற்சவரைத் தூக்கிக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போறது இன்னைக்கும் நடக்குது. 1992 நவம்பர் வெள்ளத்தை எங்க வீட்டுப் பெரியவங்க நேத்து நடந்தது மாதிரி சொல்லுவாங்க. 2015லயும் 2021லயும் தூத்துக்குடி டவுன் தெருக்கள்ல தண்ணி நின்னுச்சு. அதுக்கும் முந்திப் போனா, பாண்டியர் காலத்துல துறைமுகமா இருந்த கொற்கை இன்னைக்குக் கடலைவிட்டு பல கிலோமீட்டர் உள்ள தள்ளி வயலுக்கு நடுவுல நிக்குது. இந்த ஆறு வண்டலைக் கொண்டாந்து கொண்டாந்து போட்டு கடலையே தள்ளிவிட்டுட்டு. நாங்க வெள்ளாமை செய்யற மண்ணே வெள்ளம் போட்ட மண்ணுதான், அதனால இங்க வெள்ளமே வராதுன்னு யாரும் நினைக்கல, வந்தா எழுந்து நிக்க என்ன வழின்னுதான் கேக்கறோம்.

ஸ்ரீவைகுண்டம் அணைதான் தாமிரபரணியில எட்டாவது, கடைசி அணைக்கட்டு. அதுக்குக் கீழ ஏரல், உமரிக்காடு, முக்காணி, ஆத்தூர், புன்னக்காயல்னு எங்களுக்கு மேல இருந்து வர்றது எல்லாம் வந்து சேரும். சிற்றாறு சீவலப்பேரியில கலந்து அதுவும் சேர்ந்துதான் வரும். அப்ப, ஆழ்வார்திருநகரிக்கு மேல உயரத்துல குளத்துப் பாசனத்துல இருக்கற வயலும், ஏரல்ல ஆத்துப் படுகையில இருக்கற வயலும் ஒரே ஆபத்துல இருக்கா? இல்ல. ஆனா இன்சூரன்ஸ் கணக்குல ரெண்டும் ஒண்ணா இருக்கு.

எப்படின்னு சொல்றேன். இந்தத் திட்டம் ஒவ்வொரு விவசாயி வயலையும் தனித்தனியா பாக்கறது இல்ல, ஒரு யூனிட்டுக்கு சராசரி மகசூல் பாக்குது. நெல்லுக்கு வருவாய் கிராமம், வாழை மாதிரித் தோட்டப் பயிருக்குப் பெரும்பாலும் பல கிராமம் சேர்ந்த பிர்கா. கடந்த 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்தோட சராசரியை எடுத்து, அதை 70, 80, 90ல அந்தப் பயிருக்குன்னு வச்சிருக்கற சதவீதத்தால பெருக்கி ஒரு வரம்பு வைக்கறாங்க. அறுவடையப்ப சில வயல்ல பயிர் அறுவடைப் பரிசோதனை பண்ணி, யூனிட் சராசரி அந்த வரம்புக்குக் கீழ போனாத்தான் பணம். நெல்லுக்கு ஒரு கிராமத்துல நாலு பரிசோதனை. வறட்சிக்கு இந்த முறை சரி, வறட்சி எல்லார் வயலையும் ஒரே மாதிரித்தான் காய வைக்கும். வெள்ளம் அப்படி இல்லீங்க. ஒரே வயல்வெளியில மேக்கடைசி வயல் பச்சையா நிக்கும், கீழ்க்கடைசி வயல் மணல் மூடிக் கெடக்கும். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரித் தெரியும், மணல் மூடினவன் கணக்குல காணாமப் போயிருவான். வாழைக்கு யூனிட்டு பிர்கான்னா சொல்லவே வேண்டாம், ஒரு பிர்காவுக்குள்ள எத்தனை மேடு எத்தனை பள்ளம்!

அதுக்காகத்தான் தனி வயல் பாதிப்புன்னு அந்த விதி இருக்கு. ஆனா நெல்லுக்கு அதுல வெள்ளம் தேங்கறதை 2018ல எடுத்துட்டாங்க. நெல்லு தண்ணியில நிக்கற பயிரு, முங்குனதா முங்கலையான்னு மதிப்பிடறது கஷ்டம், தப்பான கிளைம் வரும்னு காரணம் சொன்னாங்க. நட்டு ஒரு மாசம் ஆன நாத்து ஒரு வாரம் தலைக்கு மேல தண்ணியில கெடந்தா அழுகும்னு எந்த விவசாயியும் சொல்லுவான், அதுக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்ல. அப்ப 2023 டிசம்பர்ல இன்சூரன்ஸ் கட்டியிருந்த நெல் விவசாயி என் வயல் முங்கிட்டுன்னு தனியா கேக்கறதுக்கு அந்த விதியில வழியே இல்ல.

2025 நவம்பர்ல மத்திய வேளாண் அமைச்சகம் நெல்லு முங்குறதைத் திரும்பவும் தனி வயல் பாதிப்புல சேக்கறோம், 2026 காரீஃப்லேர்ந்துன்னு அறிவிச்சிருக்காங்க. காட்டு மிருகம் அழிக்கறதையும் சேத்திருக்காங்க. மனசார வரவேற்கறோம். ஆனா எங்க பக்கம் காரீஃப்னா கார் சாகுபடி, ஆனியில நட்டு புரட்டாசியில அறுக்கறது, அப்ப வெள்ளம் வராது. வடகிழக்குப் பருவமழையில முங்கறது ஐப்பசிக்கு மேல நிக்கற பிசானம். மத்திய அறிவிப்பைத் தமிழ்நாட்டுக்கு ஆணையாப் போடும்போது பிசானம், சம்பா, தாளடின்னு பேரைச் சொல்லி அதுல எழுதுங்க. பேர் சொல்லாம விட்டா அப்புறம் ஒவ்வொரு ஆபீஸா ஏறி விளக்கம் கேக்க வேண்டிவரும். எங்களைவிட டெல்டாக்காரங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இன்னொரு விதி இருக்கு, அதைப் பத்தி யாருமே பேசறதில்ல. சீசனுக்கு நடுவுல பேரிடர் வந்து, எதிர்பார்க்கற மகசூல் வழக்கமான மகசூல்ல பாதிக்கும் கீழ போயிரும்னு தெரிஞ்சா, கூட்டுக் கணக்கெடுப்பு பண்ணி, வரப்போற இழப்பீட்டுல 25 சதவீதத்தை முன்கூட்டியே கொடுக்கலாம். இதை விவசாயி கேட்டு வாங்க முடியாது, மாநில அரசுதான் அறிவிக்கணும். ஒரே நாள்ல 62 சென்டிமீட்டர் பெஞ்ச ஊருக்கு இதை அறிவிக்க என்ன யோசனை வேணும்? இத்தனை சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சா அந்த பிர்காவுக்கு இந்த விதி தானா அமலுக்கு வரும்னு முன்னாடியே எழுதி வச்சுருங்க. அந்த 25 சதவீதம் தை மாசத்துல கைக்கு வந்தா மறுபடி நடலாம், ஆடியில வந்தா வட்டிக்குத்தான் போகும்.

மழை அளவை மட்டும் வச்சு பணம் கொடுக்கறது நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. நாகாலாந்து அரசு 2024ல ஒரு பொதுத்துறை பேங்கோட இன்சூரன்ஸ் கம்பெனியோட சேந்து மழை அளவை வச்சு மாநிலத்துக்கே காப்பீடு போட்டிருக்கு. குறிச்ச அளவுக்கு மேல பெஞ்சா மாநிலத்துக்குப் பணம் வரும், யாரும் ஃபீல்டுல போய் அளக்கக் காத்திருக்க வேண்டியதில்ல. அவ்வளவு சின்ன மாநிலம் செய்யும்போது தமிழ்நாடு ஒரே ஒரு ஆத்துப் படுகையில செஞ்சு பாக்கலாம். பேரிடர் நிதியில முழுசா ஈடு கட்ட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

குத்தகைக்காரங்களைப் பத்திச் சொல்லாம விட்டா இந்தக் கடுதாசி அரைகுறையா போயிரும். தாமிரபரணிக் கரையில எவ்வளவு நிலம் கோயில் நிலம், மடத்து நிலம்னு உங்க ரெக்கார்டுலயே இருக்கு. தலைமுறை தலைமுறையா உழுறவங்க வாய்ச்சொல்லுல பாட்டம் கட்டி உழுறாங்க. திட்டத்துல குத்தகைதாரரும் சேரலாம்னு தெளிவா இருக்கு, ஆனா சேரறதுக்கு அடங்கல் வேணும், சிட்டா வேணும், சிட்டாவுல நிலத்துக்காரர் பேரு. பேங்க் கடன் வாங்குனவங்களுக்கே 2020லேர்ந்து கட்டாயம் இல்லன்னு ஆக்கிட்டாங்க, விருப்பம் உள்ளவங்க சேரலாம். சரி, விருப்பம் உள்ள குத்தகைக்காரன் எப்படி சேருவான்? எங்க தெருவுல ஒரு அக்கா, புருஷன் போனதுக்கு அப்புறம் ரெண்டு ஏக்கர் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன், கோழிக்கூடு ரக வாழை போட்டுக்கிட்டு இருந்தாங்க. பொங்கலுக்குத் தார் வெட்ட நாள் எண்ணிக்கிட்டு இருந்த வாழை, ஒரு மரம் நிக்கல. நிவாரணமும் பட்டாக்காரர் அக்கவுண்டுக்கே போச்சு. அந்தப் பட்டாக்காரர் நல்ல மனுஷர், பணத்தைக் கொண்டாந்து கொடுத்துட்டார். எல்லாரும் கொடுப்பாங்களா? விஏஓ நேர்ல பாத்து, இந்த வருஷம் இந்த வயல்ல உழுறது இவங்கன்னு ஒரு சாகுபடிச் சான்று கொடுத்தா, அதுவே இன்சூரன்ஸுக்கும் நிவாரணத்துக்கும் போதும்னு ஆக்குங்க. அதை வச்சு நிலத்துல உரிமை கோர முடியாதுன்னு அதுலயே அச்சடிச்சுட்டா நிலத்துக்காரங்களும் பயப்பட மாட்டாங்க.

நிவாரணம்தான் கொடுக்கறோமே, இன்சூரன்ஸ் எதுக்குன்னு சில பேர் கேக்கறாங்க. 2023ல பாசனப் பயிருக்கு 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500னு அரசு அறிவிச்சது. முன்னாடி இருந்ததைவிட கூட்டித்தான் கொடுத்தாங்க, நன்றி. ஏக்கர் கணக்குல பாத்தா 17,000ங்கறது 7,000 ரூபாய்கூட வரல. வாழைக்குக் கன்று, உரம், முட்டுக்கம்பு, கூலின்னு போட்டவங்களுக்கு அது எந்த மூலைக்கு? நிவாரணம் அன்னைக்கு அடுப்பெரிய உதவும், திரும்ப வெள்ளாமை வைக்க உதவறது இன்சூரன்ஸ்தான். பிரீமியம் கட்ட நாங்க தயார், பிசான நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம், வாழைக்கு 5 சதவீதம். அந்த 5 சதவீதம் சிறு விவசாயிக்கு நிஜமாவே பாரம், ஆத்துப் படுகை ஊர்களுக்கு மட்டுமாவது அதுல பாதியை மாநிலம் ஏத்துக்கலாம்.

மணல் விஷயம் வேற. பயிர்க் காப்பீடு பயிருக்குத்தான், நிலத்துக்கு இல்ல. வெள்ளம் வடிஞ்சப்ப முழங்காலளவு மணல் மூடிக் கெடந்த வயல்கள் இருந்துச்சு, சில இடத்துல வரப்பு எது வாய்க்கா எதுன்னே தெரியல. ஆத்தூர் பக்கம் வெத்தலைக் கொடிக்கால் எல்லாம் சரிஞ்சு கெடந்துச்சு, 2023லதான் ஆத்தூர் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு கெடைச்சு எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அதே வருஷக் கடைசியில இந்தக் கோலம். மூணு அங்குலத்துக்கு மேல மணல் படிஞ்சா அள்ள 2023ல பேரிடர் நிதி விதியிலயே ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் இருந்துச்சு. ஜேசிபி வாடகைக்கு முன்னாடி அது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்னு கணக்குப் பாருங்க. நூறு நாள் வேலையிலயோ வேற திட்டத்துலயோ சேத்து பஞ்சாயத்தே அள்ளிக் கொடுக்கற மாதிரி ஒரு ஏற்பாடு இப்பவே எழுதி வச்சா நல்லது.

வீடு, கடை, வண்டி பத்தியும் சுருக்கமா. 2021 ஏப்ரல்லேர்ந்து பாரத் கிரஹ ரக்ஷான்னு ஒரு வீட்டுக் காப்பீடு இருக்கு, பொதுக்காப்பீட்டுக் கம்பெனிங்க கட்டாயம் விக்கணும். வெள்ளம், புயல், இடி எல்லாம் அதுலயே அடக்கம். வீட்டுக்குப் போடுற தொகையில 20 சதவீதம், 10 லட்ச ரூபாய் வரைக்கும், வீட்டுச் சாமானுக்கும் சேத்தே வருது. ஏரல் பஜார் மாதிரி இடத்துல 5 கோடி வரைக்கும் இருக்கற சின்னக் கடை, குடோனுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா இருக்கு. எங்க ஊர்ல இது ரெண்டும் எத்தனை பேருக்குத் தெரியும்னு நெனைக்கறீங்க? ஏரல் கடைகள்ல ஜவுளியும் மளிகையும் பாத்திரமும் சேத்துல கெடந்ததை நீங்களே வந்து பாத்திருப்பீங்க. இன்சூரன்ஸ் வச்சிருக்கேன்னு நம்பிக்கையா சொன்ன பல வண்டிக்காரங்க வச்சிருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், அது முங்குன வண்டிக்குப் பைசா தராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் தண்ணியில முங்குன வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா இன்ஜின் போயிரும், அந்த இன்ஜினுக்குத் தனி ஆட்-ஆன் இல்லன்னா கை விரிச்சுருவாங்க, இதைப் படிக்கறவங்களாவது ஞாபகம் வச்சுக்கோங்க. புரட்டாசியில ஒவ்வொரு யூனியனுக்கும் ஒரு முகாம் போட்டு, பயிர், மாடு, வீடு, கடை, படகுன்னு எல்லா இன்சூரன்ஸையும் ஒரே பந்தல்ல, தமிழ்ல எழுதின ஒரு பக்க விவரத்தோட கொண்டாந்து வைக்கலாம். மழை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போட்ட முகாமால பிரயோஜனம் இல்ல.

கடைசியா மேப். ஹைதராபாத்துல இருக்கற தேசிய தொலையுணர்வு மையம் வெள்ளம் வந்தா சேட்டிலைட் படம் வச்சு எது எது முங்குச்சுன்னு மேப் போடுது. ஊர்ல இருக்கற எங்களுக்கும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு நல்லாத் தெரியும், இன்னமும் பல வீட்டுச் சுவத்துல கறை இருக்கு, வெள்ளையடிச்சா அதுவும் போயிரும். அதுக்குள்ள ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் ஸ்கூல் சுவத்துல, கோயில் மண்டபத்துல, ரேஷன் கடையில 2023 மட்டத்தைக் கோடு போட்டு தேதியோட எழுதுங்க. சேட்டிலைட் மேப்பு, இந்தக் கோடு ரெண்டையும் ஒத்துப் பாத்து, சர்வே நம்பர் வாரியா முங்குன நிலத்தோட பட்டியலைத் தயார் பண்ணி பஞ்சாயத்து போர்டுல ஒட்டுங்க. அந்தப் பட்டியல்ல இருக்கற வயல்களைத் தனி யூனிட்டா வச்சு மகசூல் பாருங்க, மேட்டு வயலோட சேத்து சராசரி போடாதீங்க. எந்த வயல்ல பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்குதுங்கற விவரத்தையும் அதே போர்டுல ஒட்டிட்டா ஊரே வந்து நின்னு பாக்கும், பின்னால கம்பெனிக்கும் சந்தேகம் வராது எங்களுக்கும் சந்தேகம் வராது.

இந்த மாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்கற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எங்க ஊர்லேர்ந்து வர்றோம், இதே கடுதாசியை மனுவா கையெழுத்துப் போட்டுத் தர்றோம். 72 மணி நேரம், பிசானத்துக்கு வெள்ளப் பாதிப்பு, குத்தகைச் சான்று, இந்த மூணுக்காவது பிசான நெல்லுக்குப் பதிவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுத்துல பதில் கொடுங்க.

இப்படிக்கு,
ஏரல் வட்டாரத்து ஆத்தங்கரை விவசாயி ஒருத்தன்